இருப்பதை விட்டுப் பறக்காதே என்றவருக்கு

போன மாதம் பினாங்கு ஜார்ஜ் டவுனில், லெபோ பாசாரிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு மண்டபத்தில், தமிழ் இளைஞர்களுக்கான வேலை வழிகாட்டிக் கூட்டம் நடந்தது. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் முப்பது வருடம் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர் பேசினார். கேள்வி நேரத்தில் மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். பன்னாட்டுக் கம்பெனியில் மூன்று வருடமாக டேட்டா இன்ஜினியர். ஒரே கணக்கைப் பல இயந்திரங்களில் பரப்பி வைக்கும் பரவல் தரவுத்தளம் எழுதும் ஒரு சின்னக் கம்பெனி வேலைக்குக் கூப்பிடுகிறது, போகலாமா என்று கேட்டாள்.

அவளை நிற்க வைத்தே அவர் பத்து நிமிடம் பேசினார். தரவுத்தளம் நாற்பது வருடத்துக்கு முன்பே தீர்ந்துபோன கணக்கு. நீ இப்போது செய்வதும் டேட்டாபேஸ்தான், அங்கே போய்ச் செய்யப்போவதும் டேட்டாபேஸ்தான், ஒன்றில் போனஸ் உண்டு, மற்றதில் இல்லை. பினாங்கு பொருள் செய்கிற ஊர், அந்த மாதிரி மென்பொருளுக்கு இங்கே என்ன வேலை? கடைசியில், “எஸ்டேட்டிலிருந்து ஏறி வந்த ஜனம் நாம. இருக்கிறதை விட்டுட்டுப் பறக்கிறதுக்கு ஆசைப்படாதம்மா” என்றார். மண்டபம் கைதட்டியது. அவள் உட்கார்ந்துவிட்டாள்.

ஆறு வருடத்துக்கு முன் அதே மாதிரி டேட்டா இன்ஜினியர் வேலையை விட்டுப் பரவல் தரவுத்தளம் எழுதப் போனவள் நான். அன்று எழுந்து பேசாதது என் தவறு. அவர் சொன்ன நான்கும் பிழை. கடைசியாகச் சொன்னது பிழையோடு நில்லாமல் ஒரு பெரிய அநியாயமும்கூட.

“தீர்ந்துபோன கணக்கு” என்பது வடிகட்டின அறியாமை. 2018 அக்டோபர் 21 அன்று கிட்ஹப் நிறுவனத்தின் அமெரிக்கக் கிழக்குக் கரையில் ஒரு பழுதான ஒளியிழைக் கருவியை மாற்றினார்கள். 43 விநாடிகள் இணைப்பு அறுந்தது, பிறகு திரும்பி வந்தது. அந்த இடைவெளியில் தரவுத்தளத்தின் தலைமை தானாகவே மேற்குக் கரைக்கு மாறிவிட்டது. கிழக்கில் அதற்குள் எழுதப்பட்டிருந்த சில பதிவுகள் மேற்குக்குப் போய்ச் சேரவே இல்லை. மேற்கிலோ புதிய பதிவுகள் குவிந்துகொண்டிருந்தன. எது உண்மைக் கணக்கு என்ற குழப்பத்தில் சேவை சீராகத் திரும்ப 24 மணி 11 நிமிடம் ஆயிற்று. உலகத்தின் மென்பொருளில் பெரும்பங்கைக் காத்து வைக்கும் நிறுவனத்துக்கே இந்தக் கதி என்றால், கணக்கை எப்போது, யார் தீர்த்தார்கள் என்று பேச்சாளர் சொல்ல வேண்டும். கைல் கிங்ஸ்பரி என்ற நிரலாளர் 2013 முதல் ஜெப்சன் என்ற சோதனையால் ஒவ்வொரு பரவல் தரவுத்தளமாக எடுத்து, இணைப்பை வேண்டுமென்றே அறுத்து, பதிவு தொலைகிறதா என்று பார்த்துவருகிறார். பெயர்பெற்ற தரவுத்தளங்கள் எத்தனையோ அதில் மாட்டியிருக்கின்றன. கூகுள் தன் ஸ்பானர் தரவுத்தளத்துக்காகத் தரவு மையங்களுக்குள் அணுக்கடிகாரம் வைத்ததை உலகுக்குச் சொன்னது 2012இல்தான். தீர்ந்த கணக்குக்கு யாரும் அணுக்கடிகாரம் வாங்குவதில்லை.

இதில் அப்படி என்ன கஷ்டம் என்பவர்களுக்கு நம் ஊரை வைத்தே சொல்கிறேன். ஒரே பேரேட்டுக்கு மூன்று பிரதிகள்: ஒன்று தீவில், ஒன்று பட்டர்வொர்த்தில், ஒன்று புக்கிட் மெர்தாஜாமில். எந்த வரவும் மூன்றில் இரண்டில் ஏறினால்தான் செல்லும். ஒரு நாள் பாலம், ஃபெரி, தொலைபேசி எல்லாம் ஒருசேர நின்றுவிடுகின்றன. அக்கரையே அழிந்துவிட்டதா, கம்பி மட்டும் அறுந்ததா என்று அறியத் தீவில் இருப்பவனுக்கு வழியே இல்லை. அவனும் எழுதி, அக்கரைக்காரர்களும் எழுதினால் மறுநாள் இரண்டு கணக்கு இருக்கும். ஆகவே தீவுக்காரன் பேனாவை மூட வேண்டும், அக்கரையில் இருவர் இருப்பதால் அவர்கள் தொடரலாம். இவ்வளவுதானே என்று தோன்றும். ஆனால் அதுவரை தலைமைக் கணக்கன் தீவில் இருந்தவன்தான் என்றால்? தன் பதவி போனதே தெரியாமல் அவன் பழைய வாடிக்கையாளருக்கு இருப்பு எவ்வளவு என்று சொல்லிக்கொண்டிருந்தால்? அக்கரையில் புதுத் தலைவனைத் தேர்ந்தெடுத்த அதே நொடியில் கம்பி திரும்ப வந்தால்? டியேகோ ஒங்காரோவும் ஜான் ஔஸ்டர்ஹவுட்டும் 2014இல் வெளியிட்ட ராஃப்ட் இதற்கு விடை சொல்லும் ஒரு முறை. அதைக் காகிதத்தில் புரிந்துகொள்வது வேறு, ஆயிரம் இயந்திரங்களில் பிழையில்லாமல் ஓடவைப்பது வேறு. அந்த வேலைக்குத்தான் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

இரண்டும் ஒரே வேலை என்றாரே, அதற்கு என் கையால் செய்த ஒன்றைச் சொல்கிறேன். கம்பெனியின் பெயர் தேவையில்லை. சோதனைக்கூடத்தில் ஒவ்வொரு லாட் சிப்பும் டெஸ்டரில் ஓடி முடிந்ததும் ஒரு கோப்பு வரும். இரவில் அதை எடுத்துத் தரவுத்தளத்தில் ஏற்றும் வேலை என் பொறுப்பு. சில நாள் காலையில் அறிக்கையைத் திறந்தால் ஒரே லாட் இரண்டு தடவை ஏறியிருக்கும், ஐயாயிரம் சிப் பத்தாயிரமாகத் தெரியும். இரட்டை வரிகளைத் தேடி அழிக்கும் ஒரு நிரலை எழுதி, தினமும் காலை ஐந்து மணிக்கு ஓடும்படி வைத்தேன். அறிக்கை சரியாக வந்தது. பாராட்டும் கிடைத்தது. ஏன் இரண்டு தடவை ஏறுகிறது என்று இரண்டு வருடம் யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

காரணத்தைப் புது வேலையில்தான் கண்டேன். தரவுத்தளம் பதிவை ஒழுங்காக எழுதி முடித்துவிடுகிறது. “எழுதிவிட்டேன்” என்ற பதில் திரும்பி வரும் வழியில் இணைப்பு அறுகிறது. பதில் வராததால் என் நிரல் தோல்வி என்று நினைத்து மறுபடி அனுப்புகிறது. தரவுத்தளத்துக்கு அது புது வேண்டுகோள், அதனால் மறுபடி எழுதுகிறது. நடந்ததா நடக்கவில்லையா என்று தெரியாத அந்த நிலைதான் இந்தத் துறையின் அடிவயிறு. ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் மாறாத ஓர் அடையாள எண் கொடுத்து, அதே எண் திரும்ப வந்தால் பழைய பதிலையே தரச் செய்தால் தீர்ந்தது. ஏர்ஃப்ளோ, ஸ்பார்க், காஃப்கா போன்ற தரவுக் கருவிகள் கைப்பழக்கமாக இருந்த எனக்கு, தரவுத்தளம் என்ற பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாமலே ஒன்பது வருடம் போயிருந்தது. டேட்டா இன்ஜினியர் வேலை தாழ்ந்தது என்று நான் சொல்லமாட்டேன். அது இல்லாமல் எந்தத் தொழிற்சாலையும் ஒரு நாள்கூட நகராது. ஆனால் குழாய் இணைப்பவரும் அணை கட்டுபவரும் ஒரே வேலை செய்கிறார்கள், இரண்டும் தண்ணீர்தானே என்று ஒரு மேனேஜர் சொன்னால், முப்பது வருடம் அவருக்குக் கீழே வேலை செய்தவர்களை நினைத்து எனக்கு வருத்தமாக இருக்கிறது.

பினாங்குக்கு இது எதற்கு என்ற கேள்விக்கு மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாராவிடம் விடை இருக்கிறது. 2020 ஜனவரி 1 அன்று நடப்புக்கு வந்த அதன் தொழில்நுட்ப இடர் கொள்கைப்படி, வாடிக்கையாளரைத் தொடும் முக்கிய அமைப்புகள் பன்னிரண்டு மாதத்தில் மொத்தம் 4 மணி நேரத்துக்குமேல் எதிர்பாராமல் நிற்கக்கூடாது, ஒரு தடவை நின்றால் 120 நிமிடத்தைத் தாண்டக்கூடாது. நாசி கண்டார் கடையில் பத்து வெள்ளிக்கு கியூஆர் காட்டுகிறவரின் பணமும் அந்தக் கணக்கில் சேர்ந்ததுதான். பக்கத்திலேயே சிங்கப்பூரில், 2023 அக்டோபர் 14 அன்று ஒரு தரவு மையத்தின் குளிரூட்டல் கெட்டு டிபிஎஸ், சிட்டிபேங்க் இரண்டும் நின்றன. மாற்று மையங்கள் இருந்தும் அவற்றுக்கு முழுமையாக மாற முடியவில்லை. சுமார் 25 லட்சம் பரிவர்த்தனைகள் நிறைவேறவில்லை. அதற்கு ஒரே மருந்து பரவல் தரவுத்தளம் என்று நான் விற்க வரவில்லை, கோளாறு பல அடுக்கில் இருந்தது. ஒரு மையம் விழுந்தால் அடுத்தது கணக்குத் தவறாமல் எழ வேண்டும் என்பது இந்தப் பக்கத்து மக்களின் அன்றாடத் தேவை என்கிறேன்.

நம் ஆட்களுக்கு ஒட்டாத வேலை என்பதுபோலவும் அவர் பேச்சில் ஒரு தொனி இருந்தது. லெபோ பினாங்கின் கிட்டங்கிகளில் உட்கார்ந்து வட்டித்தொழில் செய்த நகரத்தாரை அவர் மறந்துவிட்டார். ரங்கூனிலும் கொழும்பிலும் பினாங்கிலும் ஏஜெண்டுகள், கடல் தாண்டி ஓடும் உண்டியல், செட்டிநாட்டுக்குக் கப்பலேறிப் போகும் ஐந்தொகை. முதலில் சிட்டையில் குறித்து, பிறகு பேரேட்டில் ஏற்றும் வழக்கம். எந்த மாற்றத்தையும் முதலில் பதிவேட்டில் எழுது, பிறகு உரிய பக்கத்தில் ஏற்று என்பது இன்றைய தரவுத்தளங்களுக்கும் அடிப்படை. இயந்திரம் நடுவில் விழுந்தால் அந்தப் பதிவேட்டை வாசித்து நடந்ததை மறுபடி நடத்திப் பார்த்து, முடியாத வேலைகளைத் திரும்ப எடுக்கும் ஏரீஸ் என்ற முறையை 1992இல் சகாக்களோடு வெளியிட்டவர் சி. மோகன். சென்னை ஐஐடியில் வேதிப் பொறியியல் படித்தவர். அதை விட்டுக் கணினிக்குப் போய், ஐபிஎம்மில் ஆர்-ஸ்டார் என்ற பரவல் தரவுத்தள ஆய்வில் உழைத்து, ஐபிஎம் ஃபெலோ ஆனார். 2016இல் யூகபைட் தரவுத்தளக் கம்பெனியைத் தொடங்கிய மூவரில் இருவரின் பெயர் கண்ணன் முத்துக்கருப்பன், கார்த்திக் ரங்கநாதன். ஃபேஸ்புக் போன்ற பெரிய இடத்தில் இருந்தவர்கள்தான். கையில் இருந்ததை விட்டவர்கள்தான்.

இனி அந்தப் பழமொழிக்கு வருகிறேன். 1969இல் தீவின் தடையற்ற துறைமுக அந்தஸ்து போய், வேலையில்லாமல் பினாங்கு தவித்தது. லிம் சோங் இயூவின் மாநில அரசு 1972இல் பாயான் லெப்பாஸில் மண்டலம் திறந்து எட்டு கம்பெனிகளைக் கொண்டுவந்தது: இன்டெல், ஏஎம்டி, எச்பி, நேஷனல் செமிகண்டக்டர், லிட்ரோனிக்ஸ், பாஷ், ஹிட்டாச்சி, கிளாரியன். இருப்பதை விடாதே என்றாரே, அந்த எட்டின் பலகைகளைப் பார்த்தாரா? எச்பியின் ஒரு பகுதி 1999இல் அஜிலென்ட் ஆயிற்று. அதிலிருந்து 2005இல் அவாகோவும் 2014இல் கீசைட்டும் பிரிந்தன. நேஷனல் செமிகண்டக்டரை 2011இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் வாங்கியது. ஏஎம்டி தன் பினாங்குத் தொழிற்சாலையின் 85 விழுக்காட்டை 2016இல் சீனக் கம்பெனிக்குக் கொடுத்தது. இன்டெல் 2024 ஆகஸ்டில் உலகெங்கும் சுமார் 15,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. அவர் நம்பும் நிலைத்த தரை இதுதான்.

சின்னக் கம்பெனி கவிழாதா? கவிழும். ரீதிங்க்டிபி 2016இல் மூடியது. ஆனால் அதன் நிரல் லினக்ஸ் ஃபவுண்டேஷனின் கீழ் உயிரோடு இருக்கிறது, அதை எழுதியவர்கள் வேறு நல்ல இடங்களுக்குப் போனார்கள். சின்னக் கம்பெனி இபிஎஃப் சேமநிதி கட்டாது என்றும் பேச்சாளர் பயமுறுத்தினார். மலேசியாவில் சம்பளத்துக்கு ஆள் வைக்கும் முதலாளி பெரியவரோ சின்னவரோ, கட்டித்தான் ஆகவேண்டும். அது சட்டம், பெரிய கம்பெனி போடும் பிச்சை கிடையாது. வெளிநாட்டுக் கம்பெனி ஒப்பந்தக்காரராக எடுத்தால்தான் சிக்கல். அப்போது அந்தத் தொகையையும் சேர்த்துச் சம்பளம் பேச வேண்டும். உருப்படியான வழிகாட்டி என்றால் இதையல்லவா அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டும்?

என் அம்மா செபராங் பிறையில் எஸ்டேட் லைன் வீட்டில் வளர்ந்தவர். 1976இல் கம்பெனி பஸ் ஏறி பாயான் லெப்பாஸுக்குப் போனார். மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியைச் சிப்பில் ஒட்டும் வேலை. ராத்திரி ஷிப்டு. பொம்பளைப் பிள்ளை இருட்டில் வேலைக்குப் போவதா, தெரிந்த பால்மரம் போதாதா என்று லைனில் இருந்த பெரியவர்கள் தாத்தாவிடம் முறையிட்டார்கள். அவர்களும் இதே பழமொழியைத்தான் சொன்னார்கள் என்று அம்மா இன்றைக்கும் சொல்வார். அவர் கேட்டிருந்தால் நான் படித்திருக்கமாட்டேன். பேச்சாளர் நிர்வகித்த தொழிற்சாலைகளை நிரப்பியவர்கள், இருந்ததை விட்டுவந்த அந்தப் பெண்கள். அவர்கள் துணிவின் மேல் ஏறி நின்று சம்பாதித்தவர், அந்த எஸ்டேட்டின் பெயரையே சொல்லி அவர்களின் பேத்தி வயதுள்ள ஒருத்தியை உட்கார வைக்கிறார். இதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

கூட்டம் முடிந்து கார் நிற்கும் இடத்தில் அவளைப் பிடித்தேன். பக்கத்துக் கடையில் தே தாரிக் சொன்னோம். பையிலிருந்து ராஃப்ட் கட்டுரையின் அச்சுப் பிரதியை எடுத்தாள், பாதி வரிகளில் மஞ்சள் கோடு. “அக்கா, இந்த டெர்ம் நம்பர் எதுக்குன்னுதான் புரியலை” என்றாள். ஒவ்வொரு தலைமைத் தேர்தலுக்கும் கூடிக்கொண்டே போகும் தவணை எண் அது. பில்லைத் திருப்பி மூன்று கட்டம் வரைந்து தீவு, பட்டர்வொர்த், புக்கிட் மெர்தாஜாம் என்று எழுதினேன். மூன்றிலும் 7 போட்டேன். நடுவில் கடலுக்கு ஒரு கோடு. அக்கரையில் புதுத் தேர்தல் நடக்கட்டும் என்றேன். பேனாவை வாங்கி இரண்டு கட்டத்திலும் 8 என்று மாற்றினாள். இப்போது கம்பி திரும்ப வருகிறது என்றேன். கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தீவின் 7ஐ அடித்துவிட்டு, பக்கத்தில் 8 என்று எழுதினாள்.