மிதிவண்டியா, சைக்கிளா?

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவி

பெட்ரோல் கேட்காது, புல்லும் கேட்காது. மிதித்தால் போகும், நிறுத்தினால் நிற்கும். ஏழைக்கும் எளியவருக்கும் ஏற்ற ஊர்தி எது என்று கேட்டால் சிறு பிள்ளையும் 'சைக்கிள்' என்றே சொல்லும். ஆனால் அதே பிள்ளை தமிழ்க் கட்டுரையில் 'சைக்கிள்' என்று எழுதிவிட்டால் அதன் அடியில் சிவப்பு மைக் கோடு விழும். 'மிதிவண்டி' என்று எழுதினால்தான் மதிப்பெண். வாயில் ஒரு சொல், தாளில் ஒரு சொல்! இது முறைதானா என்பதே என் வினா. தோழியரே, இதற்கு விடை தேடப் போய் நான் துருக்கி நாடு வரை செல்ல நேர்ந்தது. அஞ்ச வேண்டாம், அகராதியின் மேல் ஏறித்தான் சென்று வந்தேன்.

முதலில் சொந்த ஊரிலிருந்து புறப்படுகிறேன். என் ஊர் கிளியனூர். திண்டிவனத்திலிருந்து புதுச்சேரிக்குப் பேருந்தில் சென்றவர்கள், சன்னலோரம் அமர்ந்திருந்தால், பெயர்ப்பலகையைப் பார்த்திருப்பீர்கள். இவ்வூருக்குத் தேவாரத்தில் உள்ள பெயர் திருக்கிளியன்னவூர். திருஞானசம்பந்தர் பாடிய தலங்களுள் ஒன்று. அந்தக் கிளியன்னவூர் மக்கள் வாயில் புரண்டு புரண்டு கிளியனூர் ஆயிற்று. 'ன்னவூ' என்ற மூன்றெழுத்து 'னூ' என்ற ஓரெழுத்தாய்ச் சுருங்கிவிட்டது. அதைப் பிழை என்று எவரும் சிவப்பு மையால் கோடிடவில்லை. அரசாங்கமே பலகை எழுதி நட்டிருக்கிறது. ஊர்ப் பெயருக்குள்ள சலுகை வண்டிப் பெயருக்கு மட்டும் இல்லையா?

'சைக்கிள் ஆங்கிலச் சொல் ஆயிற்றே' என்பீர்கள். அங்கேதான் எனக்கு வியப்பு காத்திருந்தது. 'பைசிகிள்' என்பதில் 'பை' இலத்தீன், இரண்டு என்று பொருள். 'சைக்கிள்' கிரேக்கம், வட்டம் அல்லது சக்கரம் என்று பொருள். 19ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர் இரண்டையும் ஒட்டவைத்தார்கள். ஆங்கிலேயர் அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். நாமோ 'பை'யை விட்டுவிட்டுச் சைக்கிளை மட்டும் வைத்துக்கொண்டோம். ஆக, பிறப்பிலே ஆங்கிலமே அல்லாத ஒன்றை ஆங்கிலம் ஆங்கிலம் என்று விரட்டிக்கொண்டிருக்கிறோம்!

இலங்கைத் தமிழர்கள் தங்கள் செய்தித்தாள்களில் 'துவிச்சக்கர வண்டி' என்று எழுதுவார்கள். 'துவி' வடமொழியில் இரண்டு. சக்கரம் நமக்குத் தெரிந்ததே. மொழிநூலார் கூறுவதைக் கேளுங்கள்: இலத்தீன் 'பை'யும் வடமொழித் 'துவி'யும் ஒரே வேரில் பிறந்தவை. கிரேக்கச் 'சைக்கிளு'ம் வடமொழிச் 'சக்கர'மும் அப்படியே. அக்காளும் தங்கையும் வேறு வேறு வாசல் வழியாக ஒரே வீட்டுக்குள் வந்ததைப் போல, ஒரே சொல் கப்பலேறிச் சென்னைக்கு ஒரு வடிவிலும், வடமொழி வழியாக யாழ்ப்பாணத்துக்கு இன்னொரு வடிவிலும் வந்து சேர்ந்திருக்கிறது. இன்னொன்றும் உண்டு. 'பெடல்' என்பது காலைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அதற்கும் 'பாதம்' என்ற சொல்லுக்கும் வேர் ஒன்றே.

'ஈருருளி' என்று தூய தமிழிலும் ஒரு பெயர் உண்டு. அழகுதான். ஆனால் கடையில் போய் 'அண்ணா, என் ஈருருளிக்குக் காற்று அடியுங்கள்' என்றால் அவர் உருளியைத் தேடிச் சமையலறைக்குப் போய்விடுவார். 'இருசக்கர வாகனம்' என்றாலோ பெட்ரோல் வண்டியைத்தான் நினைக்கிறார்கள். எனக்குப் பிடித்தது மிதிவண்டியே. மற்றப் பெயர்கள் எல்லாம் சக்கரத்தை எண்ணிக்கொண்டிருக்க, இந்த ஒரு பெயர்தான் ஓட்டுகிறவரின் காலை நினைக்கிறது. ஆகவே நான் மிதிவண்டிக்குப் பகையாளி என்று யாரும் எண்ணிவிட வேண்டாம்.

இனித் துருக்கிக்குப் போவோம். ஏன் துருக்கி என்றால், நம்மைப் போலவே மொழித் தூய்மைக்குப் பாடுபட்டவர்கள் அவர்கள். நம் நாட்டில் மறைமலை அடிகள் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கியது 1916இல். துருக்கியர் 1928இல் அரபு எழுத்தையே விட்டு இலத்தீன் எழுத்துக்கு மாறினார்கள். 1932இல் கெமால் அத்தாதுர்க் மொழிக் கழகம் ஒன்றை நிறுவினார். அரபுச் சொற்களையும் பாரசீகச் சொற்களையும் விலக்கிப் புதிய துருக்கிச் சொற்களை ஆக்கினார்கள். வானூர்திக்குப் 'பறத்தல்' என்ற தம் வினையிலிருந்து 'உச்சாக்' என்று பெயரிட்டார்கள். பிற்காலத்தில் கணினிக்குப் 'பில்கிசாயர்' என்றார்கள். தகவலை எண்ணுவது என்று பொருளாம்.

இவ்வளவு செய்தவர்கள் சைக்கிளுக்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் தெரியுமா? 'பிசிக்லெட்'! அப்படியே பிரெஞ்சுச் சொல். ஹேண்டில்பாருக்குக் 'கிதோன்', சீட்டுக்குச் 'செலெ', பிரேக்குக்கு 'ஃபிரென்', ரிம்முக்கு 'ஜந்த்', பெடலுக்குப் 'பெடல்' என எல்லாமே பிரெஞ்சு வீட்டுப் பிள்ளைகள். டயருக்கு அவர்கள் சொல்வது 'லஸ்திக்'. இதைப் படித்ததும் வாய்விட்டுச் சிரித்தேன். நம் தையற்காரர் பாவாடைக்கு 'லாஸ்டிக்' வைக்கிறாரே, அதே சொல்தான். அவர்களும் நம்மைப் போலவே முதலெழுத்தை விழுங்கிவிட்டார்கள்.

ஆனாலும் சிலவற்றை அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. சக்கரத்துக்குத் 'தெகெர்லெக்' என்ற சொந்தச் சொல்லே நிற்கிறது. மட்கார்டுக்குச் 'சாமுர்லுக்' என்கிறார்கள். 'சாமுர்' என்றால் சேறு. சேற்றுக்கு ஆனது, அவ்வளவுதான். எத்தனை எளிமை! நம் மட்கார்டில் உள்ள 'மட்' ஆங்கிலச் சேறு என்பதை அறிவேன். ஆயினும் மண் + குடம் மட்குடம் ஆவதைப் படித்த நம் காதுக்கு அது தமிழ் மண்ணாகவே ஒலிக்கிறது. வேறென்ன வேண்டும்!

நம்மிடம் சொல் இல்லாமலா இரவல் வாங்கினோம்? இல்லை. மாட்டுவண்டிச் சக்கரத்தைப் பாருங்கள். நடுவே இருப்பது குடம். குடத்தில் குத்தி நிற்பவை ஆரக்கால்கள். ஆரக்கால்களைச் சுற்றி வளைப்பது வட்டை. வட்டையின் மேல் இரும்புப் பட்டா. உள்ளே அச்சு; சக்கரம் கழன்று ஓடாமல் காப்பது கடையாணி. சைக்கிளில் இவை வரிசை மாறாமல் ஹப், ஸ்போக்ஸ், ரிம், டயர், ஆக்சில், நட்டு என்று ஆகின்றன. ஒன்றுக்கு ஒன்று அப்படியே பொருந்துகிறது! பின் ஏன் அந்தச் சொற்கள் தச்சுப் பட்டறையிலிருந்து சைக்கிள் கடைக்கு நடந்து வரவில்லை?

என் எண்ணம் இதுதான். சைக்கிளைத் தச்சர் செய்யவில்லை. அது பர்மிங்ஹாமிலும் நாட்டிங்ஹாமிலும் செய்யப்பட்டுப் பெட்டிக்குள் உறுப்புகளாக வந்தது. 1949இல் முருகப்பா குழுமத்தார் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியதும் ஆங்கில நிறுவனம் ஒன்றோடு கூட்டாகத்தான். அம்பத்தூரில் செய்த வண்டிக்கும் 'ஹெர்குலிஸ்' என்றே பெயர். பொருளோடு பட்டியலும் வந்தது, பட்டியலில் பெயரும் இருந்தது. துருக்கியருக்குப் பிரெஞ்சுப் பட்டியல், நமக்கு ஆங்கிலப் பட்டியல். கிளியனூருக்குத் தெற்கே உள்ள புதுச்சேரி 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்தும் அங்கே யாரும் 'பிசிக்லெட்' என்று சொல்லக் காணோம். அங்கும் சைக்கிள்தான். ஆட்சியைவிடக் கடைக்குத்தான் அதிகாரம் போலும்.

இருந்தாலும் நம் மெக்கானிக்குகள் வாயைக் கட்டிக்கொண்டிருக்கவில்லை. புத்தகத்தில் இல்லாத தமிழ் ஒன்று சைக்கிள் கடையில் இருக்கிறது. சக்கரம் நெளிந்துவிட்டால் 'கோட்டம் எடுக்க வேண்டும்' என்கிறார்கள். கோட்டம் என்றால் வளைவு. திருக்குறளில் நடுவுநிலைமை அதிகாரத்தில் வருகிற அதே சொல்! வள்ளுவர் சொல்லுக்குக் கோட்டம் கூடாது என்றார், இவர்கள் வீலுக்குக் கூடாது என்கிறார்கள். ஸ்போக்ஸ் 'போக்ஸ் கம்பி' ஆயிற்று. பிரேக்கில் ரிம்மைப் பிடிக்கும் ரப்பர் 'பிரேக் கட்டை' ஆயிற்று. உள்ளே உருளும் சிறு எஃகு உருண்டைகள் 'பால்ரஸ் குண்டு'. வண்டியை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, கிரீஸ் வைத்து மாட்டுவதற்கு ஆங்கிலத்தில் 'ஓவர்ஹால்'. நம்மவர் அதை 'ஓவராயில்' ஆக்கிவிட்டார்கள். எண்ணெய் போடும் வேலைக்கு ஆயில் என்று பெயர் இருப்பதுதானே நியாயம்! சீட்டில் உட்கார உயரம் எட்டாத பிள்ளை பாருக்கு அடியில் காலை விட்டு ஓட்டுவது 'குரங்கு பெடல்'. 2024இல் இப்பெயரிலேயே ஒரு திரைப்படமும் வந்துவிட்டது. இச்சொற்களில் பாதி ஆங்கிலம், பாதி தமிழ். ஆனால் முழுவதும் நம்முடையவை.

இப்போது என் உள்ளத்தில் உறுத்துவதைச் சொல்கிறேன். இந்தச் சொற்கள் 'நம்முடையவை' என்றேனே, அந்த 'நம்'மில் பெண்பிள்ளைகள் இருக்கிறோமா? நம் வகுப்பில் சைக்கிளில் வருகிறவர்கள் பலர். அவர்களுள் காட்டர் பின் எங்கே இருக்கிறது என்று காட்டக்கூடியவர் எத்தனை பேர்? பையன்கள் கடையிலேயே நின்று, ஸ்பானரைப் பிடித்து, திட்டு வாங்கி, எல்லாச் சொல்லையும் கற்றுக்கொள்கிறார்கள். நாம் போனால் 'வண்டியை விட்டுட்டுப் போம்மா, சாயங்காலம் வந்து எடுத்துக்கோ' என்பார்கள். நாமும் 'அண்ணா, என்னமோ சத்தம் கேட்குது' என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறோம். 'என்னமோ' என்பது ஒரு சைக்கிள் உறுப்பின் பெயரா?

பெயர் தெரியாததற்கு விலையும் கொடுக்கிறோம். டயரில் காற்று இறங்கினால் பஞ்சராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. காற்று அடிக்கும் வாயில் உள்ளே ஒரு சின்ன ரப்பர்க் குழாய் மாட்டியிருக்கும். அதற்கு 'வால் டியூப்' என்று பெயர். வால்வு என்பது வாலாகிவிட்டது. வெயிலில் அது விண்டுபோனாலும் காற்று இறங்கும். காற்று அடித்து, அந்த வாயில் ஒரு சொட்டு எச்சில் வைத்துப் பார்த்தால் போதும், குமிழி வந்தால் வால் டியூப் போயிருக்கிறது என்று பொருள். புதிதாக ஒரு துண்டு மாட்ட ஒரு நிமிடம் ஆகாது, செலவும் மிகச் சிறிது. என் தோழி ஒருத்தியிடம் இதற்கே இரண்டு பஞ்சருக்குப் பணம் வாங்கிவிட்டார் ஒருவர். 'வால் டியூப்பைப் பாருங்கள்' என்று சொல்ல அவளிடம் அந்த ஒரு சொல் இல்லை. பணம் போனது கிடக்கட்டும். மாலை ஆறு மணிக்கு லாரிகள் பறக்கும் நெடுஞ்சாலை ஓரமாக வண்டியைத் தள்ளிக்கொண்டு அவள் வீடு போய்ச் சேர்ந்தாள். மறுநாள் அவள் தந்தையார் சொன்னாராம், 'இனி சைக்கிள் வேண்டாம், பஸ்ஸில் போ' என்று. ஒரு சாண் ரப்பரால் ஒரு பெண்ணின் சைக்கிள் நின்றுபோயிற்று.

புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991, 1992ஆம் ஆண்டுகளில் நடந்ததை இங்கே நினைக்கிறேன். அறிவொளி இயக்கத்தார் கிராமத்துப் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தார்கள். அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத் என்ற பெண்மணி. ஆயிரக்கணக்கான பெண்கள் ஓட்டக் கற்றார்கள். லேடீஸ் சைக்கிளைவிட ஆண்கள் சைக்கிளே மேல் என்றவர்களும் உண்டாம், பாரின் மேல் பிள்ளையை உட்கார வைக்கலாமே! பத்திரிகையாளர் சாய்நாத் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். எழுத்தும் சக்கரமும் ஒருசேரக் கிடைத்ததுதான் அதன் சிறப்பு என்று நான் கருதுகிறேன்.

நம் அரசும் 2001ஆம் ஆண்டு முதல் மாணவியருக்குச் சைக்கிள் கொடுத்து வருகிறது. முதலில் தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்பு மாணவியருக்கு மட்டும் என்று இருந்தது, பின்பு எல்லாருக்கும் ஆயிற்று. விழா மேடையில் 'விலையில்லா மிதிவண்டி' என்று எழுதியிருக்கும். வாங்குகிறவள் வீட்டுக்கு ஓடி 'அம்மா, சைக்கிள் வந்துடுச்சு' என்பாள். இரண்டும் சரியே. மேடைக்கு ஒரு பட்டுப்புடவை, வேலைக்கு ஒரு நூல்புடவை. இரண்டில் ஒன்றைக் கிழித்துப் போடச் சொல்வானேன்? தொல்காப்பியரே வடசொல்லைத் தமிழ் எழுத்துக்கு ஏற்பத் திருத்திக்கொள்ள வழி சொல்லியிருக்கிறார். 'சைக்கிள்' அப்படித் திருத்திக்கொண்ட சொல்தான். அதற்குச் சிவப்பு மை வேண்டாம் என்பது என் தாழ்மையான கருத்து. சிவப்பு மை தேவைப்படுவது 'என்னமோ' என்ற சொல்லுக்கு.

அடுத்த ஆண்டு பதினொன்றாம் வகுப்புக்குப் போகும் நம்மில் பலருக்குச் சைக்கிள் வரப்போகிறது. அதற்குள் தமிழ் மன்றத்தார் ஒரு பெரிய அட்டையில் சைக்கிள் படம் வரைந்து, ஒவ்வோர் உறுப்புக்கும் கடைப் பெயரை ஒரு பக்கமும், பொருந்துமானால் குடம், ஆரக்கால், வட்டை என்ற பழைய பெயரை மறுபக்கமும் எழுதிச் சைக்கிள் நிறுத்தும் கொட்டகையில் மாட்ட வேண்டும். படம் வரைய நான் ஆயத்தம். அதே கொட்டகையில் ஒரு பம்பு, ஒரு ஸ்பானர், ஒரு முழம் வால் டியூப் வைக்க வேண்டும் என்று தலைமை ஆசிரியை அவர்களுக்கு ஒரு விண்ணப்பமும் எழுதியிருக்கிறேன். ஒன்பதாம் வகுப்புத் தங்கைகள் பதினேழு பேர் இதுவரை கையெழுத்திட்டுள்ளார்கள். தாளில் இன்னும் இடம் இருக்கிறது. உணவு இடைவேளையில் வேப்பமரத்தடிக்கு வந்தால் பேனாவும் தருவேன்.