கறி ரொட்டியில் ரொட்டி எதற்கு?

புதுச்சேரியில் எங்கள் அம்மா 'பேங் த வியாந்து' செய்வார்கள். பிரெஞ்சில் அதற்குக் கறி ரொட்டி என்று பொருள். அரை கிலோ கொத்துக்கறி, பாலில் ஊறவைத்துப் பிழிந்த 3 துண்டு பழைய ரொட்டி, 1 முட்டை, வெங்காயம், பூண்டு, மிளகு, சோம்பு. எல்லாம் பிசைந்து அச்சில் அழுத்தி, 180 டிகிரியில் ஒரு மணி நேரம்.

போன ஞாயிறு பேத்தி ரொட்டியை விட்டுவிட்டாள். "வெறும் கறின்னா இன்னும் நல்லா இருக்குமே தாத்தா!" வெந்து வந்தது செங்கல். கறியின் சாற்றைப் பிடித்து வைப்பது அந்த ரொட்டிதான்.

ரொட்டி சேர்ப்பது கஞ்சத்தனம் என்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். அப்பாவின் சம்பளத்தில் அரை கிலோ கறி வீட்டில் எட்டுப் பேருக்கும் எட்டியது அதனால்தான். கறிக்குழம்பு வைத்த நாளில் அம்மாவுக்கு வெறும் குழம்புதான் மிஞ்சும். கறி ரொட்டி செய்த நாளில் மட்டும், அம்மா தட்டிலும் எங்களுக்குச் சமமாய் ஒரு துண்டு இருக்கும்.