மர்மமா, புயலா?

கடலே இல்லாத பென்னலூரில் உட்கார்ந்து கடல் மர்மங்களை விழுங்கி வளர்ந்தவன் நான். அமெரிக்க எழுத்தாளர் வின்சென்ட் காடிஸ் 1964-இல் ஒரு பத்திரிகைக் கட்டுரையில் 'பெர்முடா முக்கோணம்' என்று பெயர் சூட்டினார். கப்பல்கள் அங்கே காரணமின்றி மறைவதாகப் பலரும் நம்பினர் (நானுந்தான்!). அரிசோனா நூலகர் லாரன்ஸ் குஷே பொறுமையாகப் பழைய செய்தித்தாள்களைப் புரட்டினார். அமைதியான கடலில் மறைந்ததாகக் கதைகட்டிய சில கப்பல்கள் உண்மையில் புயலில் சிக்கியவை என்று 1975-இல் நூலே எழுதிவிட்டார்.

நண்பர்களே, அதே 1964 டிசம்பரில் தனுஷ்கோடியில் ஒரு ரயிலையே பயணிகளோடு கடல் விழுங்கியது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதை நாம் மர்மம் என்பதில்லை, புயல் என்கிறோம். புயல் என்றால்தான் அடுத்த முறை எச்சரிக்கை கேட்டு ரயிலை நிறுத்தத் தோன்றும். மர்மத்தின் முன் கைகட்டி நிற்கத்தான் முடியும். இனி எந்தக் கடல் கதை படித்தாலும், அன்றைய வானிலை என்ன என்று முதலில் கேட்பேன். கதை ருசிக்காமல் போகலாம்; போகட்டும்.