மைதானமும் பரீட்சையும்

க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை நெருங்கியதும், பிள்ளையை மைதானத்திலிருந்து மறித்துத் தனியார் வகுப்புக்கு அனுப்பும் பெற்றோர் நம்மிடையே பலர். அவர்களது அச்சத்தை நாம் நகைத்துத் தள்ளுவதற்கில்லை. பெறுபேற்றைக் கொண்டே பிள்ளையை மதிக்கும் சமூகத்தில் அது இயல்பானதே. எனினும், விளையாட்டினாலே கல்வி கெடும் என்ற கூற்று எமது அநுபவத்தோடு பொருந்தவில்லை.

யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியிற் பயின்ற நா. எதிர்வீரசிங்கம், 1952, 1956 ஆகிய ஆண்டுகளின் ஒலிம்பிக் விழாக்களில் இலங்கைக்காக உயரம் பாய்ந்தவர். 1958இல் தோக்கியோவில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவிலே இந்நாட்டின் முதலாவது தங்கப் பதக்கத்தை வென்றவரும் அவரே. அமெரிக்காவில் உயர்கல்வி கற்றுக் கலாநிதிப் பட்டமும் பெற்றார். அவர்தம் ஏட்டுக் கல்வியை மைதானம் விழுங்கிவிடவில்லை.

ஆயின், இத்தகைய ஒருவரையே தேடி ஏனையோரைக் கைவிடும் வழக்கம் நம் கல்லூரிகளிற் புகுந்துவிட்டது. குறைபாடு உள்ள இடம் இதுவே. மத்திய கல்லூரியும் பரி. யோவான் கல்லூரியும் 1904 தொடக்கம் ஆடிவரும் 'வடக்கின் பெருஞ்சமர்' நம் பெருமைக்குரியது, ஐயமில்லை. ஆனாற் களத்தில் ஆடுவோர் இருபத்திருவர். சூழ நின்று ஆர்ப்பரிப்போரோ ஆயிரக்கணக்கினர். பார்த்து மகிழ்வதிலே தவறில்லை. பார்ப்பவன் உடல் உரம் பெறுவதுமில்லை.

பல கல்லூரிகளின் இல்ல மெய்வல்லுநர் போட்டிகளும் இவ்வாறே. ஓடவல்ல ஒரு மாணவனை நான்கைந்து நிகழ்ச்சிகளில் இறக்கி, வெயிலிலே களைத்து விழச் செய்கின்றோம். மற்றையோர் இல்லத்தை அலங்கரிக்கக் கடதாசி ஒட்டுகின்றனர். (அவ்வலங்காரச் செலவில் எத்தனை பந்துகள் வாங்கலாம் என்று நாம் கணக்குப் பார்ப்பதுண்டு.) போட்டி முடிந்ததும் மைதானத்திலே புல் வளர்கின்றது.

பெண்பிள்ளைகள் நிலை இதனினும் இரங்கத்தக்கது. வலைப்பந்தாட்டத்திலே துள்ளித் திரிந்தவள் பெரியபிள்ளை ஆனதும், "இனி விளையாட்டுப் போதும்" என்று வீட்டார் தடுத்துவிடுகின்றனர். எலும்பும் தசையும் வலுப்பெற வேண்டிய வயது அதுவன்றோ?

ஐந்து முதல் பதினேழு வயதுக்குட்பட்டோர் நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடமேனும் உடல் உழைக்க இயங்குதல் வேண்டும் என்பது உலக சுகாதார தாபனத்தின் அறிவுரை. அணியிலே தெரிவானவர்க்கு மாத்திரம் என்று அது கூறவில்லை. ஓட்டத்திற் கடைசியாக வரும் பிள்ளைக்கும் அந்த ஒரு மணி நேரம் உரியது.

மாலை நாலரை மணிக்குத் தொடங்கும் தனியார் வகுப்பை ஆறு மணிக்குத் தள்ளிவைக்குமாறு கேட்கப் பெற்றோர் தயங்குகின்றனர். நாலைந்து பெற்றோர் ஒன்றாய்ச் சென்று கேட்டபொழுது நேரம் மாறியதை நாம் கண்டிருக்கின்றோம்.