முதலில் ஆடுபவர் யார்?

வலையபட்டியிலும் அதனைச் சூழ்ந்த செட்டிநாட்டு ஊர்களிலும், விடுமுறைக்குப் பிள்ளைகள் கூடித் தாயக்கட்டத்தை வரைந்தவுடன் எழும் முதற் பூசல், ‘யார் முதலில்?’ என்பதே. காய்கள் வெட்டுண்டு வீழும் ஆட்டமாதலின் அதுவும் ஒரு சிறு போரே. மூத்தவர் என்றோ, கட்டைக்குரியவர் என்றோ எவரும் முந்தாதபடி, முடிவைக் கட்டையிடமே விடுதல் நன்று.

அமெரிக்காவில் 1974-இல் வெளிவந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்னும் மேசை விளையாட்டிலும் இவ்வாறே. வீரராகவும் மந்திரவாதியாகவும் வேடம் ஏற்போர், போர் மூண்டதும் 20 முகக் கட்டையை உருட்டி, தத்தம் சுறுசுறுப்புக்குரிய எண்ணையும் கூட்டுவர். மிகுதி பெற்றவர் முந்துவார். பிந்தியவருக்கும் அதே சுற்றில் முறை உண்டு.

நம் தாயத்திலோ பிந்துதல் பெரிதன்று, நுழைய இயலாமையே பெரிது! கட்டை இரண்டிலும் வெறுமை, 1, 2, 3 என நான்கு முகங்கள். விழக்கூடிய 16 வகைகளில் இரண்டே தாயம். எனவே பத்து முறை உருட்டியும் தாயம் காணாதவர் ஏறத்தாழ நால்வரில் ஒருவர். பெரும்பாலும் அழுவது கடைக்குட்டியே. ஐந்து விழுந்தாலும் காய் இறக்கலாம் என்னும் வழக்கம் சில இல்லங்களில் உண்டு. அதனை ஏற்றால், பத்து முறையும் வெறுங்கையோடு அமர்பவர் பதினெண்மரில் ஒருவரே.