தொண்டை அரித்தால் உடனே சொல்லுங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் என்னோடு பதினோரு வருடம் ஒரே பள்ளியில் வேலை பார்த்த டீச்சர் போன் செய்தார். அவருக்கும் என்னைப் போலவே முடக்குவாதம். வாரம் ஒரு நாள் போடும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரைக்கு அடங்கவில்லை, ரிடுக்சிமாப் ஏற்றலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். "அக்கா, அது கேன்சருக்குப் போடுற மருந்தாமே? முடியெல்லாம் கொட்டிருமா?" என்று ஒரே அழுகை. வரச் சொன்ன தேதிக்கு அவர் போகவே இல்லை.

அந்தப் பயம் எனக்கும் இருந்தது. நிணநீர்ப் புற்றுக்காக 1997-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்துதான் இது. 2006-ல் முடக்குவாதத்துக்கும் அனுமதித்தார்கள். கீமோ ஏற்றுகிற அதே வார்டில் நம்மையும் படுக்க வைப்பதால் பயம் இரண்டு மடங்காகிறது. ஆனால் இது கீமோ அல்ல, இதனால் எனக்கு முடி கொட்டவும் இல்லை. நம் மூட்டையே எதிரி என்று நினைத்துத் தாக்கும் எதிர்ப்பு சக்தியில் பி செல் என்றொரு வகை அணு உண்டு. அதைக் குறைப்பதுதான் இதன் வேலை.

எதிர்ப்பு சக்தியில் கை வைப்பதால் முன்கூட்டியே சில சோதனைகள் அவசியம். ஹெபடைடிஸ் பி கிருமி கல்லீரலில் தூங்கிக்கொண்டிருந்தால் இந்த மருந்து அதை எழுப்பிவிடும். ஆகவே அந்த ரத்தப் பரிசோதனை இல்லாமல் ஏற்றிக்கொள்ளாதீர்கள். போட வேண்டிய தடுப்பூசிகளை நாலு வாரம் முன்னதாகவே போட்டுவிடுவது நல்லது, பிறகு போட்டால் சரியாகப் பிடிக்காது. ஏற்றும்போது பிரஷர் இறங்கலாம் என்பதால், அன்று காலை பிரஷர் மாத்திரை போடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். என்னிடம் அதை யாரும் சொல்லவில்லை. போட்டுக்கொண்டு போய்விட்டேன்.

காலை எட்டு மணிக்குப் போனேன். முதலில் பாராசிட்டமால், அலர்ஜிக்கு ஓர் ஊசி, ஸ்டீராய்டு ஊசி. (சர்க்கரை உள்ளவர்கள் கவனிக்கவும், அன்று சர்க்கரை ஏறும். ராத்திரி தூக்கமும் வராது.) பிறகு மருந்து. முதல் தடவை மிக மெதுவாகத்தான் ஆரம்பிப்பார்கள். மணிக்கு 50 மில்லிகிராம், அரை மணிக்கொரு முறை 50 கூட்டி 400 வரை. கணக்குப் பாடம் எடுத்தவள் இல்லையா, படுத்தபடியே போட்டுப் பார்த்தேன். 1000 மில்லிகிராமும் இறங்க நாலேகால் மணி நேரம். முன்னும் பின்னும் சேர்த்தால் ஒரு நாள் போய்விடும். சால்வையும் சாப்பாடும் எடுத்துப் போங்கள், ஏ.சி. குளிர் தாங்காது.

இரண்டாவது மணி நேரத்தில் காதுக்குள் அரித்தது. பிறகு தொண்டை. சிஸ்டர் பாவம், எட்டு பேரைப் பார்க்கிறார், இதற்குப் போய் கூப்பிடுவதா என்று பேசாமல் படுத்திருந்தேன். பத்து நிமிடம் இருக்கும். டீ குடித்துவிட்டு வந்த எங்கள் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போட்ட சத்தத்தில்தான் சிஸ்டர் ஓடி வந்தார். முகமெல்லாம் சிவந்து தடித்திருந்ததாம். பிரஷரும் இறங்கியிருந்தது. மருந்தை நிறுத்தி, ஊசி போட்டு, எல்லாம் அடங்கியபின் பாதி வேகத்தில் திரும்ப ஆரம்பித்தார்கள். மிச்சம் முழுவதும் ஏறி முடிந்தது. "அரிக்க ஆரம்பிச்சதுமே சொல்லியிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காதேம்மா" என்றார் அந்தப் பெண்.

ஒன்றுக்குப் போக வேண்டும் என்று கேட்கக் கூச்சப்பட்டு உட்கார்ந்திருந்த பெண் பிள்ளைகளை முப்பத்துநாலு வருடம் அதட்டியவள் நான். அறுபது வயதுக்குமேல் நானே அப்படித்தான் படுத்திருந்திருக்கிறேன். வலியைப் பொறுத்துக்கொள்கிற பெண்ணை நல்ல பெண் என்று சொல்லியே வளர்த்துவிட்டார்கள். அந்தப் பொறுமைக்கு அந்தக் கட்டிலில் இடமில்லை. அரிப்பு, குளிர் நடுக்கம், நெஞ்சு இறுக்கம், தலைசுற்றல் எதுவானாலும் வாயைத் திறந்து சொல்ல வேண்டும்.

ஆனால் குறை நம்மிடம் மட்டுமா? அன்று காலை என் கையில் கொடுத்தது ஆறு பக்க ஆங்கிலப் படிவம். "இங்க ஒரு கையெழுத்து, இங்க ஒண்ணு" என்றார்கள், போட்டேன். தொண்டை அரிக்கலாம் என்பது மூன்றாவது பக்கத்தில் இருந்ததை வீட்டுக்கு வந்துதான் படித்தேன். பயிற்சி முடித்த ஆசிரியை எனக்கே இந்தக் கதி என்றால், கைநாட்டு வைக்கிற அம்மாவுக்கு? நோயாளிக்குத் தெரிந்த மொழியில் விளக்க வேண்டும் என்று தேசிய மனித உரிமை ஆணையத்தின் நோயாளர் உரிமைப் பட்டயமே சொல்கிறது. நான் கேட்பது தமிழில் ஒரே ஒரு பக்கம். அதையும் அன்று காலையில் நீட்டாமல் ஒரு வாரம் முன்பே கொடுங்கள்.

பலன் உடனே தெரியாது. பதினைந்து நாள் கழித்து இரண்டாவது டோஸ், அது சிக்கலில்லாமல் போனது. மூன்றாவது மாதம்தான் காலையில் விரலை மடக்க முடிந்தது, தோசைக் கரண்டியைப் பிடித்தேன்.

டீச்சருக்கு அடுத்த வியாழக்கிழமை தேதி வாங்கியாயிற்று. நானும் கூடப் போகிறேன். பக்கத்தில் உட்கார்ந்து அரை மணிக்கொரு தரம் "அரிக்குதா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கப் போகிறேன்.