நொக்ஸின் மூட்டையும் பனிக்காட்டு ஓநாயும்

வெளியே முப்பத்திநாலு பாகை வெயில். கரண்ட் இல்ல. லெப்டொப்பில் பட்டரி இருபது வீதம். முதுகில் வியர்வை ஊத்துது. திரைக்குள்ள நான் குளிரில் விறைச்சுச் செத்துக்கொண்டிருக்கிறேன்.

கிண்ணியாவில் இருந்துகொண்டு ‘த லோங் டார்க்’ விளையாடுறவனின் நிலைமை இதுதான். தெரியாத ஆக்களுக்குச் சுருக்கமாச் சொல்றேன். கனடாவின் ஹின்டர்லாண்ட் என்ற சின்ன ஸ்டூடியோ செய்த கேம். 2014இல் அரைகுறையாக வெளிவந்து 2017இல் முழுசா வந்தது. வடக்குக் கனடாவில் ஒரு கற்பனைத் தீவு, கரண்ட் செத்த உலகம், பனி. சர்வைவல் மோட்டில் கதையும் இல்ல, ஆளும் இல்ல. குளிர், களைப்பு, தாகம், பசி என்று நாலு வட்டம். நாலும் குறைஞ்சுகொண்டே வரும். செத்தா சேவ் அழிஞ்சிடும், திரும்ப முதல்ல இருந்துதான். நூறு நாள் உயிரோட இருந்தவன் ஒரு சறுக்கலில் எல்லாத்தையும் இழந்துட்டு, லெப்டொப்பை மூடி வச்சிட்டுப் போய்க் கடற்கரையில இருந்ததை நான் கண்ணால பார்த்திருக்கேன்.

இந்தக் கேமை விளையாடுற எல்லாரும் ஒரு நாளாவது சண்டை பிடிக்கிற விஷயம், இது எவ்வளவு நிஜம் என்பது. எங்கட கூட்டத்திலயும் அதே சண்டை. கட்டாரில் வேலை செய்யிற மச்சான் ஒருத்தன் இருக்கான், இரவு ஷிப்ட் முடிஞ்சு வந்து வொயிஸ் மெசேஜ் போடுவான். அவன்ட பெரிய கோபம் ஓநாய் மேல. “டேய், ஓநாய் மனிசனக் கண்டா ஓடும். இதில என்ன, தெரு நாய் மாதிரி துரத்துது?”

அவன் சொல்றது சரிதான். வட அமெரிக்காவில் காட்டு ஓநாய் மனிசனைக் கொன்ற சம்பவங்களைத் தேடித்தான் எடுக்கணும். 2010 மார்ச்சில் அலாஸ்காவின் சிக்னிக் லேக்கில் ஓடப்போன ஒரு ஆசிரியை கொல்லப்பட்டது அப்படி அபூர்வமான ஒன்று, அதனாலதான் அது அவ்வளவு பெரிய செய்தியானது. இந்த ஓநாய்கள் நிஜ ஓநாய் மாதிரி நடக்காது என்று கேம் செய்தவங்களே தொடக்கத்தில் எழுதிக் காட்டுறாங்க. காட்டில் உயிர் பிழைக்கப் பழகுற பாடமா இதை எடுக்காதீங்க என்றும் சொல்றாங்க.

ஆனா ஓநாய்ப் பொய்யை நான் மன்னிப்பேன். குளிர் ஒரு மெதுவான கொலைகாரன், அது கண்ணுக்குத் தெரியாது. வட்டம் குறையுறதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தா அது கணக்குப் பாடம். பச்சை இறைச்சியைத் தோளில் சுமந்தா மணம் கூடும், மணம் கூடினா ஓநாய் வரும். அப்ப நீங்க முடிவு எடுக்கணும். இறைச்சியைப் போட்டுட்டு ஓடுறதா, மிச்சம் இருக்கிற தீக்குச்சியில ஒன்றைக் கொளுத்துறதா? அந்த முடிவுக்காகத்தான் ஓநாய் அங்க நிக்குது. மிருகத்தின் குணம் பொய், அதுக்கு முன்னால நிக்கிறவனின் பயம் பொய்யில்ல.

பசியில சொல்ற பொய்யைத்தான் என்னால மன்னிக்க ஏலாது.

கேமில் வயிறு நிரம்பினா 2500 கலோரி. அது பூச்சியத்துக்கு வந்தா உடம்பு நிலை ஒரு நாளைக்கு 25 வீதம் இறங்கும். நல்லா நித்திரை கொண்டா திரும்ப ஏறும். இந்த ஓட்டையைப் பழைய விளையாட்டுக்காரங்க எப்பவோ கண்டுபிடிச்சிட்டாங்க. பகல் முழுக்கப் பட்டினி கிடக்கிறது, படுக்கப்போகும்போது மட்டும் ஒரு 750 கலோரி சாப்பிடுறது. நித்திரையில உடம்பு தேறிடும், காலையில திரும்பப் பட்டினி. கொஞ்ச இறைச்சியை வச்சு மாசக்கணக்கில ஓட்டலாம். இதை முதல்ல கேள்விப்பட்டபோது எங்கட கூட்டத்தில ஒருத்தன் சொன்னான்: “இதென்ன புது ஸ்ட்ராட்டஜி? நாங்க வருசா வருசம் முப்பது நாள் செய்யிறதுதானே!”

சிரிச்சோம். பிறகு யோசிச்சுப் பார்த்தா, நோன்பு பிடிச்ச எவனும் இந்த மெக்கானிக்ஸை எழுதியிருக்க மாட்டான். ஒன்று மட்டும் சரி. தாகம் பசியைவிட இரண்டு மடங்கு வேகமாக் கொல்லும் என்று கேம் கணக்கு வச்சிருக்கு, அசருக்குப் பிறகு நாக்கு ஒட்டினவனுக்கு அது விளங்கும். மற்றப்படி பசி நேர்கோட்டில இறங்குறதில்ல. முதல் மூணு நாள் தலையிடி, பிறகு உடம்பு பழகும். நாலு மணிக்கு உம்மாவோட காரணமில்லாமச் சண்டை வரும். சமோசா பொரிக்கிற மணம் மூணு வீடு தள்ளி இருந்து வரும். கேமில் என்ட ஆள் நாப்பது நாள் பட்டினியோட நடந்தாலும் ஒரு தடவைகூடக் கோபப்படல்ல.

1944 கடைசியில அமெரிக்காவில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில அன்செல் கீஸ் என்பவர் 36 ஆம்பிளைகளை வச்சு ஒரு ஆராய்ச்சி தொடங்கினார். போரால பட்டினி கிடந்த மக்களுக்கு எப்படித் திரும்பச் சாப்பாடு கொடுக்கிறது என்று கண்டுபிடிக்கத்தான். 24 கிழமை அரைப்பட்டினி, நாளைக்குக் கிட்டத்தட்ட 1570 கலோரி. நிறையில கால்வாசி போச்சு. ஆனா அந்த ஆராய்ச்சி ஞாபகத்தில நிக்கிறது நிறைக்கணக்கால இல்ல. அவங்க எரிஞ்சு விழுந்தாங்க, ஒதுங்கி இருந்தாங்க, கனவிலயும் சாப்பாடு, சிலர் சமையல் புத்தகம் சேர்க்கத் தொடங்கிட்டாங்க. அதுதான் பசி. பிறகு வந்த ஒரு அப்டேட்டில் ஹின்டர்லாண்ட் அந்த ஓட்டையை அடைக்கப் பார்த்தது. 72 மணித்தியாலம் பட்டினி கிடக்காம இருந்தா 5 கிலோ கூடச் சுமக்கலாம். நல்ல ஐடியாதான். ஆனா பட்டினியை விளங்கப்படுத்தாம, பட்டினி கிடக்காதவனுக்குப் பரிசு கொடுத்திருக்காங்க.

இந்தக் கதையெல்லாம் கதைச்சுக்கொண்டிருந்த ஒரு நாள் சாச்சா பின்னால வந்து நின்றார். சாச்சா வயசில காட்டுக்கு விறகுக்கும் தேனுக்கும் போனவர். கொஞ்ச நேரம் பார்த்தார். ஓநாயைப் பத்தி ஒண்டும் சொல்லல்ல. கலோரியைப் பத்தியும் இல்ல.

“இவன் ஏன் தனியாப் போறான்?”

கேம் அப்படித்தான் சாச்சா என்றேன். அவருக்கு விளங்கல்ல. “காட்டுக்குத் தனியாப் போறவன் ஒண்டு புதுசு, இல்லாட்டி விசரன்” என்றார். அவங்க நாலு பேராத்தான் போறது. யானை வந்தா மரம் முறியுற சத்தம் கேக்குமாம், மணமும் வருமாம். பயம் கரடிக்குத்தான், வளைவில திரும்பினா முன்னுக்கு நிக்கும். ஒருத்தன் விழுந்தா மத்த மூணு பேரும் சத்தம் போடணும். எந்த நாள் திரும்பி வருவோம் என்று வீட்டில சொல்லிட்டுத்தான் போறது. வராட்டித் தேடிப் போக ஆள் இருக்கும்.

அந்தக் கேள்விக்குப் பிறகுதான் எனக்கு நொக்ஸ் ஞாபகம் வந்தார்.

எங்கட வீட்டு முனையில இருந்து பார்த்தாத் தெரியிற இதே கொட்டியாரக் குடாவுக்குத்தான் 1659 கடைசியில ‘ஆன்’ என்ற ஆங்கிலக் கப்பல் வந்தது. புயலில பாய்மரம் முறிஞ்சு, திருத்த வந்த கப்பல். 1660இல் கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் கப்டனையும் மகனையும் இன்னும் பலரையும் பிடிச்சுக் கொண்டு போனாங்க. மூதூர்ப் பக்கம் ஒரு புளியமரத்தடியில் அதைச் சொல்ற நினைவுக்கல் இருக்கு. தகப்பன் அடுத்த வருசமே காய்ச்சலில இறந்தார். மகன் றொபேட் நொக்ஸ் பத்தொன்பது வருசம் கைதியா இருந்து, 1679 செப்டெம்பரில் ஒரு கூட்டாளியோட புறப்பட்டு, அநுராதபுரம் தாண்டி, அருவியாற்றுக் காட்டு வழியாக ஒக்டோபர் 18ஆம் திகதி மன்னார் அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தார்.

1681இல் லண்டனில் வந்த அவர்ட புத்தகத்தில, காட்டுக்குள்ள இறங்கும்போது மூட்டையில என்னென்ன இருந்தது என்று ஒரு பட்டியல் போட்டிருக்கார். வாசிச்சா இன்வென்டரி ஸ்கிரீன்தான். அரிசி, காய்ஞ்ச இறைச்சி, சமைக்கப் பாத்திரம், தண்ணிக்கு இரண்டு சுரைக்குடுவை, கூடாரத்துக்கு இரண்டு பெரிய தாளிப்பனை ஓலை, கருப்பட்டி, வெத்திலை, புகையிலை, இரண்டு சின்னக் கோடரி. நெருப்புத் தட்டுற பெட்டி ஒன்று பழுதானாலும் என்று இரண்டு மூணு. முள்ளுக்குச் செருப்புத் தைக்க ஒரு மான் தோல். லோங் டார்க்கில் மான் தோல் சப்பாத்துத் தைக்க எத்தனை ராத்திரி முழிச்சிருப்பீங்க!

மச்சானுக்கு இதை அனுப்பினதும் “பார்த்தியா, கேம் நிஜம்தான்” என்றான். ஆனா நொக்ஸ் உயிரோட இருந்தது அந்த மூட்டையால மட்டுமா? முதல் வருசங்களில ஊர்ச்சனம் முறை வச்சுச் சோறு கொடுத்தது, அரசன் கட்டளை அது. பிறகு அவர் தொப்பி பின்னி வித்தார். நெல்லு வட்டிக்குக் கொடுத்தார். பெட்டி வியாபாரியா ஊர் ஊராத் திரிஞ்சு வழி படிச்சார். அநுராதபுரத்தில அந்தக் காய்ஞ்ச இறைச்சியையும் ஊர்க்காரரிட்டத்தான் வாங்கினார். காட்டுக்குள்ள போனதும் இரண்டு பேர். ஆராய்ச்சியாளர்கள் சொல்றபடி, 1719இல் வந்த டீஃபோவின் றொபின்சன் குரூசோவுக்கு நொக்ஸின் புத்தகமும் ஒரு ஊற்று. அந்தக் கதையில தீவு வெறுமையாகிட்டு. சோறு கொடுத்த ஊரும், கடன் வாங்கின அயலும் இல்ல. இண்டைக்கு நாங்க விளையாடுற சர்வைவல் கேம் எல்லாம் குரூசோவின் பிள்ளைகள்.

2004 டிசம்பர் 26இல் எனக்கு நாலு வயசு. எனக்கு ஞாபகமிருக்கிறது ஈரச் சட்டை மட்டும்தான், மிச்சம் உம்மா சொன்னது. முதல் ராத்திரி கடலுக்குத் தூரமா ஒரு பள்ளிக்கூட விறாந்தையில இருந்தோமாம். யாரோ பெரிய சட்டியில சோறும் பருப்பும் ஆக்கிக் கொண்டு வந்தாங்களாம். யார் என்று உம்மாவுக்கு இன்றைக்கும் தெரியாது. அண்டைக்கு எங்கட கலோரி வட்டத்தை நிரப்பினது அந்த ஆள்.

இதைக் கேமில வைக்க ஏலாது என்று சொல்லாதீங்க. 2014இல் போலந்துக்காரங்க செய்த ‘திஸ் வோர் ஒஃப் மைன்’ சராயேவோ முற்றுகையை மனசில வச்சுச் செய்தது. அதில அயலவர் கதவைத் தட்டி மருந்து கேப்பாங்க. கொடுத்தா உங்கட ஆக்களுக்குக் குறையும், இல்ல என்று திருப்பி அனுப்பினா உள்ள இருக்கிறவங்கட மனசு உடையும். அங்க மனசும் ஒரு மெக்கானிக். லோங் டார்க்கின் கதை மோட்டிலயும் ஆக்கள் இருக்காங்க, ஆனா அவங்க வேலை கொடுக்கிறதுக்கு நிக்கிறாங்க.

தனிமைதான் இந்தக் கேமின் அழகு என்று மச்சான் சொல்றான். பனி கொட்டுற சத்தத்தில தனியா நடக்கிறது எனக்கும் பிடிக்கும், அதை மறுக்கல்ல. ஆனா தனிமையை அழகு என்று சொல்லு, நிஜம் என்று சொல்லாத.

இப்ப இரண்டாம் பாகம் வருது, ‘பிளாக்ஃபுரோஸ்ட்’. அதில கூட்டாவும் விளையாடலாம் என்று அறிவிச்சிருக்காங்க. நான் மச்சானிட்டக் கேட்டேன், பாதி வழியில எனக்குக் கால் சுளுக்கி நடக்க ஏலாமப் போனா நீ என்ன செய்வாய் என்று. அரை மணித்தியாலம் கழிச்சு வொயிஸ் மெசேஜ் வந்தது.

“உன்ட இறைச்சியை எடுத்துட்டுப் போயிடுவேன். மணம் வந்தா ஓநாய் உனக்கிட்ட வருமே, உன்ட நல்லதுக்குத்தான் மச்சான்.”